சுருங்காத ஃபிலிம்

அந்தத் தொழிற்சாலைக்குள் கால் வைத்ததும் மூக்கில் ஏறுவது எண்ணெய் வாடை. சமையல் எண்ணெயும் இல்லை, வண்டி எண்ணெயும் இல்லை. மெழுகுவத்தியை ஊதி அணைத்த புகையை யாரோ ஒரு வாரம் மூடிவைத்துத் திறந்துவிட்ட மாதிரி ஒரு வாடை. வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு மூன்றாம் நாளே அது பழகிவிடும். ஆறு வருஷமாகியும் பழகாதவள் ஒருத்திதான் இருந்தாள், பரிசோதனை அறைக்குப் பொறுப்பானவள். கையுறை இல்லாமல் கதவுப் பிடியைக்கூடத் தொடமாட்டாள் என்பதால் மெஷின் பக்கத்து ஆட்கள் அவளுக்குக் 'கிளவுஸ் மேடம்' என்று பேர் வைத்திருந்தார்கள். அந்தப் பேர் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அருவருப்பு அவளோடு கூடப்பிறந்தது. பஸ்ஸில் தடுமாறி விழுந்தாலும் விழுவாளே தவிர, கம்பியை வெறுங்கையால் பிடிக்கமாட்டாள். ஆபீஸ் குழாயடியில் யாராவது வாய் கொப்பளித்துத் துப்பினால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. இத்தனை அருவருப்பையும் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தவர் ஒருவர் உண்டு. அவளுடைய அக்கா புருஷன். அதே தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவுக்குத் தலைவர். அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அந்த நன்றி வேறு தொண்டையில் முள்ளாக நின்றதால் அருவருப்பு இரட்டிப்பாகியிருந்தது.

அத்தான் அப்படி என்னதான் செய்துவிட்டார் என்று கேட்டால் அவளிடம் பட்டியல் தயாராக இருக்கும். சட்டைக் காலரில் எண்ணெய். நகக்கண்ணில் எண்ணெய். அந்த நகத்தையே கடித்துத் துப்புகிற பழக்கம். மெஷின் ஓரத்தில் வெட்டி விழுகிற ஃபிலிம் துணுக்கை எடுத்துப் பேசிக்கொண்டே விரலுக்கு நடுவில் உருட்டுவார். உருட்டி உருட்டி, சின்னப் பிள்ளைகள் மூக்கிலிருந்து எடுக்கிறதைப் போல ஒரு உருண்டை ஆனதும், அதை அவள் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். அவர் தலை மறைந்ததும் அவள் இடுக்கியால் அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு மேஜையை ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பாள். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகும்போது தன் டம்ளரைத் தானே எடுத்துப் போவாள். அக்கா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுவாள். அத்தான் மட்டும் ஒருதரம், டம்ளர் போதுமா, தண்ணீரும் கொண்டுவந்திருக்கிறாயா என்று கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபோது கடைவாய்ப் பல்லில் மத்தியானம் தின்றது ஒட்டியிருந்தது தெரிந்தது. அவளுக்கு அன்றைக்கு முழுக்க அதே ஞாபகம்.

அங்கே தயாரானது ஒரு வெள்ளை ஃபிலிம். பாலில் படிகிற ஏடு மாதிரி இருக்கும். தலைமுடியில் நாலில் ஒரு பங்கு கனம்கூட இருக்காது. பிளாஸ்டிக் பொடியையும் எண்ணெயையும் சூட்டில் பிசைந்து, தகடாக இழுத்து, நீளவாக்கில் ஒருமுறையும் அகலவாக்கில் ஒருமுறையும் பல மடங்கு இழுப்பார்கள். அப்புறம் எண்ணெயைக் கழுவி எடுத்துவிடுவார்கள். எண்ணெய் இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகளாக நின்றுவிடும். கடைசியில் நீளமான ஒரு சூட்டறைக்குள் நிதானமாக ஓடவிடுவார்கள். இழுபட்ட ஃபிலிம் அந்தச் சூட்டில்தான் தன் புது அளவுக்குப் பழகும். அங்கே அவசரப்படுத்தினால் பழகாது. பிறகு எங்கே சூடு பட்டாலும் பழைய அளவுக்குத் திரும்பத்தான் பார்க்கும்.

முதல் நாலு வருஷம் அந்த ஃபிலிம் முழுக்கத் தண்ணீர் வடிகட்டும் கருவிகளுக்குப் போயிற்று. தண்ணீரில் ஊறிக்கிடக்கப் போகிறதற்குச் சூடு ஒரு பொருட்டே இல்லை; சூட்டுச் சோதனை பேருக்குத்தான் நடந்தது. ரெண்டு வருஷமாகப் பேட்டரிக் கம்பெனிகள் வாங்கத் தொடங்கியிருந்தன. பேட்டரிக்குள் இருக்கிற இரண்டு தகடுகளுக்கும் நடுவே தடுப்பாக நிற்பது இந்த ஃபிலிம்தான். துளை வழியாகத் திரவம் போய்வரலாம், தகடும் தகடும் மட்டும் தொட்டுக்கொள்ளக் கூடாது. பேட்டரி சூடாகும்போது ஃபிலிம் சுருங்கி ஓரம் விலகினால் தகடுகள் தொட்டுக்கொள்ளும். தொட்டால் தீப்பிடிக்கும். அதனால் பேட்டரிக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வியே, நூற்று முப்பது டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் எவ்வளவு சுருங்கும் என்பதுதான். நூற்றுக்கு ஐந்து வரை பொறுத்துக்கொள்வார்கள். கிளவுஸ் மேடம் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் எப்போதும் இரண்டு என்றுதான் இருக்கும்.

அந்த இரண்டை முதலாளி தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார். வருகிறவர்களையெல்லாம் பரிசோதனை அறைக்குக் கூட்டிவந்து காட்டினார். அவளும் சளைக்காமல் செய்துகாட்டினாள். ஃபிலிமைச் சாண் அகலத்துக்குச் சதுரமாக வெட்டி, நாலு புறமும் கோடு போட்டு, காகிதத்தின்மேல் விரித்து, அதன்மேல் ஒரு கண்ணாடிப் பலகையை வைத்து ஓவனுக்குள் தள்ளுவாள். கண்ணாடி வைப்பது அவளே கண்டுபிடித்த ஏற்பாடு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் துண்டுகள் ஓவனிலிருந்து காய்ந்த இலைபோல் நெளிந்து சுருண்டு வந்தன. அளவுகோலை வைத்தால் ஒரே துண்டுக்கு மூன்று அளவு வந்தது. அந்தக் கோணல்மாணலைப் பார்க்கவே அவளுக்குச் சகிக்கவில்லை. கண்ணாடி வைத்ததும் இஸ்திரி போட்டதுபோல் மட்டமாக வந்தன, மூன்று அளவும் ஒன்றாக நின்றது. அந்த முறையை முத்து முத்தான எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பெரிய பேட்டரிக் கம்பெனி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் காகிதத்தில் இரண்டு என்று இருக்கிறது, எங்கள் ஓவனில் பதினொன்று வருகிறது, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். கடிதம் இவ்வளவுதான். முதலாளி அதைக் கையில் வைத்துக்கொண்டு பரிசோதனை அறை வாசலில் நின்றபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அவள் பதறவில்லை. அனுப்புகிற ஒவ்வொரு ரோலிலிருந்தும் ஒரு முழம் வெட்டி, தேதி எழுதி அலமாரியில் வைத்திருப்பாள். கடிதத்தில் இருந்த ரோல்களுக்குரிய துண்டுகளை எடுத்து, காகிதம், கண்ணாடி, ஓவன் என்று ஒரு குறை வைக்காமல் மறுபடி சோதித்தாள். இரண்டு. இன்னொன்று. இரண்டு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அளந்தும் இரண்டைத் தாண்டவில்லை. அப்போது அவளுக்கு விஷயம் பளிச்சென்று புரிந்துபோயிற்று, அல்லது புரிந்ததாக நினைத்தாள். இங்கே இருக்கிற துண்டு இரண்டு, அங்கே போன ரோல் பதினொன்று. அப்படியானால் போனது இந்த ரோலே இல்லை. கழித்துப்போட்ட ரோலில் நல்ல ரோலின் லேபிளை யாரோ ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

யார் என்று யோசிக்க அவளுக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. போன மாதம் ஒருநாள் கழித்த ரோல்களைப் போட்டுவைக்கிற பின்கட்டு ஷெட்டுக்குப் போயிருந்தாள். அங்கே அத்தான் லேபிள் கட்டோடு நின்றுகொண்டிருந்தார். தரையெல்லாம் எலிப்புழுக்கை. அவர் அதை மிதித்தபடி, லேபிளின் முதுகுத்தாளை எச்சில் தொட்டு உரித்துக்கொண்டிருந்தார். அந்த எச்சிலைப் பார்த்ததும் என்ன ஏது என்று கேட்காமல் திரும்பி வந்துவிட்டாள். இப்போது அந்த எச்சில் ஞாபகத்துக்கு வந்தது. இப்படிப்பட்ட மனுஷன் எதுதான் செய்யமாட்டார் என்று தோன்றியது.

முதலாளி இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய் இருக்கும். பேசும்போது பல்லில் பட்டுக் கடகடக்கும். அவள் தன் அளவுகளை அடுக்கினாள், ஷெட்டில் பார்த்ததைச் சொன்னாள். கழித்த ரோல்களை எடைக்குப் போடுமுன் பழைய லேபிளை உரித்து 'கழிவு' என்று ஒட்டுவது வழக்கம்தானே, அதைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்று அத்தான் சொன்னார். அதற்குச் சாட்சி யாரும் இல்லை. முதலாளி அவளைப் பார்த்தார்.

"என் அளவு பொய் சொல்லாது சார். ரோல்தான் மாறியிருக்கு."

"நான் மாத்தல" என்றார் அத்தான். அவ்வளவுதான் சொன்னார். கை மட்டும் வழக்கம்போல் ஒரு ஃபிலிம் துணுக்கை உருட்டிக்கொண்டிருந்தது. அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு, இந்த மனுஷனுக்கு மறுத்துப் பேசக்கூட யோக்கியதை இல்லை என்று குமட்டிக்கொண்டு வந்தது. அன்று மத்தியானமே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அக்கா போன் செய்தாள். அழுகையும் கோபமுமாக, உனக்கு அவரைப் பிடிக்காது என்பது எனக்குத் தெரியாதா, அதற்காக இப்படியா செய்வாய் என்று கேட்டாள். பிடிக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, ஓவனுக்குச் சொந்தம் பந்தம் தெரியாது என்று இவள் சொன்னாள். சொல்லிவிட்டு அந்தப் பதிலை மனசுக்குள் ரெண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நன்றாகத்தான் இருந்தது. அத்தானின் அறையில் மாட்டியிருந்த அழுக்குத் துண்டை ஆள் வைத்து எடுத்து எரிக்கச் சொன்னாள்.

நாலாம் நாள் காலை பேட்டரிக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். அவர்களுடைய பரிசோதனை அறைக்கு அவள்தான் தலைமையாம். ஐம்பது வயசு இருக்கும். ஜலதோஷம் பிடித்து மூக்கு சிவந்திருந்தது. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை கைக்குட்டையில் சிந்தி, அதையே மடித்துச் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டாள். கிளவுஸ் மேடம் தன் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். ரோலை மாற்றிய ஆளைக் கண்டுபிடித்து அனுப்பிவிட்டோம் என்று முதலாளி விளக்கினார். அந்த அம்மாள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அப்புறம், சோதனையை ஒருதரம் என் கண்முன்னால் செய்துகாட்டுங்கள், போதும் என்றாள்.

இதைவிட அவளுக்கு வேறென்ன வேண்டும்? புதுக் கையுறை மாட்டிக்கொண்டாள். வெட்டினாள், கோடு போட்டாள், விரித்தாள், கண்ணாடியை எடுத்தாள். சுவரில் ஒட்டியிருந்த முறையை மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தக் கண்ணாடி எதுக்கு?"

"வைக்கலைன்னா சுருண்டுடும் மேடம். மட்டமா வந்தாத்தான் அளக்க முடியும்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கையில் வாங்கிக் கனம் பார்த்தாள். மூக்கைச் சிந்தினாள். பிறகு மெதுவாகத்தான் சொன்னாள். "சுருங்குதான்னுதானே நாம பார்க்கறோம்? அதைச் சுருங்க விடாம மேலே பாரத்தை ஏத்தி வெச்சா எப்படி? பேட்டரிக்குள்ள யாரும் கண்ணாடி வைக்கமாட்டாங்கம்மா."

அதே ரோலில் வெட்டிய ஆறு துண்டுகள் ஓவனுக்குள் போயின. மூன்று கண்ணாடிக்கு அடியில், மூன்று சும்மா. ஒரு மணி நேரம் அந்த அறையில் யாரும் உட்காரவில்லை. கிளவுஸ் மேடம் கடிகாரத்தைப் பார்ப்பதும் ஓவன் கதவைப் பார்ப்பதுமாக நின்றாள். ஒன்றும் ஆகாது, ஒன்று ஒன்றரை கூடினால் அதிகம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கதவைத் திறந்தபோது கண்ணாடிக்கு அடியில் இருந்தவை வழக்கம்போல் மட்டமாக, அழகாக இருந்தன. சும்மா வைத்தவை கோட்டுக்கு வெகு உள்ளே இழுத்துக்கொண்டு, ஓரமெல்லாம் நெளிந்து கிடந்தன. அளக்காமலே தெரிந்தது. அளந்தால் பதினொன்று.

"எவ்வளவு நாளா இப்படிப் பண்றீங்க?"

"ஆறு வருஷமா" என்றாள். பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, நேரமும் இல்லை.

அந்த அம்மாள் திட்டவில்லை. எங்கள் ரோல்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம், நீங்கள் யார் யாருக்கு அனுப்பியிருக்கிறீர்களோ அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் போனபிறகு கிளவுஸ் மேடம் சுவரில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். முத்து முத்தான எழுத்து. ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. அந்த ஒழுங்கைப் பார்க்கப் பார்க்கக் குமட்டியது. யாரோ வாந்தியெடுத்ததைத் துணி போட்டு மூடி, அதன்மேல் வாசனைத் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. அந்த யாரோ அவள்தான். குழாயடிக்குப் போய்க் கையுறையைக் கழற்றினாள். உள்ளே கை வியர்த்து ஊறி, வெளிறிப்போய், செத்த மீனின் வயிறு மாதிரி இருந்தது. நிஜமாகவே வாந்தி வந்தது. எடுத்தாள். பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தாள்.

முதலாளி அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவர் கலங்கிப்போயிருப்பார் என்று நினைத்துப் போனாள். மனுஷர் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். நாளையிலிருந்து கண்ணாடி வேண்டாம், மெஷினை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள், விஷயம் இதோடு முடிந்தது என்றார். மற்ற நாலு பேட்டரிக் கம்பெனிகளுக்குப் போனதை என்ன செய்வது என்று அவள் கேட்டாள். முதலாளி மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

"அவங்களுக்கெல்லாம் அன்னைக்கே எழுதிட்டேன்மா. ரோலை மாத்தின ஆளைப் பிடிச்சு அனுப்பிட்டோம், உங்களுக்கு வந்தது எல்லாம் நல்ல ரோல்தான்னு. அவங்களும் சரின்னுட்டாங்க. இப்பப் போய் ஆறு வருஷமா எங்க அளவே தப்புன்னு சொன்னா நாம கடையை மூடிட்டுப் போகவேண்டியதுதான்."

"அப்ப அத்தான்?"

"போனவர் போனவராவே இருக்கட்டும். உங்க பேரும் கெடாது, என் பேரும் கெடாது."

காதும் காதும் வைத்த மாதிரி காரியத்தை முடிக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. மிட்டாய் வாசனை மேஜையைத் தாண்டி வந்தது. எச்சிலில் ஊறிய புதினா. அந்த நாலு கம்பெனியும் பெரிய இடங்கள் இல்லை. ஒருவர் ஸ்கூட்டருக்குப் பேட்டரி செய்கிறார், இன்னொருவர் கை விளக்குக்கு, இன்னொருவர் ஆஸ்பத்திரியில் படுக்கையோடு நகர்கிற மூச்சுக் கருவிக்கு. காகிதத்தில் இரண்டு என்று இருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்கள், சொந்தமாக ஓவன்கூட இல்லாதவர்கள். அவர்களுக்குத்தான் இந்த மனுஷர் பூசி மெழுகி எழுதியிருக்கிறார். ஆனால் அவளுக்கு அதைவிட அசிங்கமாகப் பட்டது வேறொன்று. முதலாளி சொன்ன ஏற்பாடு அவளுக்கு ஒரு கணம் பிடித்துப்போயிற்று. ஓரம் நெளியாமல், கோணல்மாணல் இல்லாமல், அவளுக்கு எப்படிப் பிடிக்குமோ அப்படியே இருந்தது. சரி சார் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லாமல் எழுந்து வந்துவிட்டாள்.

அன்றைக்குச் சீக்கிரமே கிளம்பி அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். கையுறையைக் குழாயடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். வேறு வழியில்லாமல் கம்பியை வெறுங்கையால் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் போனில் அந்த நாலு கம்பெனிக்கும் ஒரு கடிதம் எழுதினாள். அடித்தாள், திருத்தினாள், மறுபடி எழுதினாள். பஸ் நிற்கும்போது கடிதம் முடிந்திருந்தது. அனுப்பவில்லை. முதலில் அத்தானிடம் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தாள்.

கதவைத் திறந்த அக்கா வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒதுங்கி நின்றாள். அத்தான் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெளுத்த சட்டை. வெட்டிய நகம். அவர் பக்கத்தில் போனால் சோப்பு வாசனை வந்தது. வேலை போன மனுஷரிடம் எண்ணெய் வாடை எங்கிருந்து வரும் என்று அவளுக்கு உறைத்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடி, ஆறு துண்டு, பதினொன்று, முதலாளி சொன்னது, ஒன்றையும் விடவில்லை. அக்கா நடுவில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அத்தான் கையைக் காட்டி நிறுத்தினார்.

கேட்டு முடித்ததும் அவர் கோபப்படுவார், கத்துவார் என்று காத்திருந்தாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அஞ்சு வரைக்கும் போகலாம்னு இருந்துச்சு. நீ ரெண்டுன்னே. இடம் இருக்கேன்னு சூட்டறை வேகத்தைக் கூட்டினேன். ஒவ்வொரு தடவை கூட்டினப்பவும் உன்கிட்ட துண்டு கொடுத்துக் கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"ரெண்டுன்னே. அதான் நம்பி மறுபடியும் கூட்டினேன்."

அப்போதுதான் அவளுக்கு மொத்தமும் தெரிந்தது. ஃபிலிமை அளக்கத் தெரியாமல் போனது மட்டும் இல்லை, ஃபிலிம் கெட்டுப்போனதே அவள் அளவினால்தான். தொழிற்சாலையில் அவளுடைய எண்ணை நம்பி மெஷினையே ஓட்டிய ஒரே ஆள் இந்த மனுஷர்தான். அவள் போனை நீட்டினாள். அத்தான் கடிதத்தைப் படித்தார். நிதானமாக, விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார்.

"முதல் பத்தியில நான் எதுக்கு?"

"உங்க மேல தப்பு இல்லைன்னு அவங்களுக்குத் தெரியணும்ல அத்தான்."

"அவங்களுக்கு அதுவா முக்கியம்? அவன் பேட்டரியைச் செஞ்சு வித்துக்கிட்டிருக்கான். ஃபிலிம் சுருங்கும், நிறுத்துன்னு முதல் வரியில சொல்லு. பாதிப் பேர் முதல் வரியோட மூடி வெச்சிடுவாங்க." போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "பதினொன்னுன்னு பொத்தாம்பொதுவா எழுதாதே. வேகத்தை எந்தெந்தத் தேதியில கூட்டினேன்னு நான் சொல்றேன். எந்த ரோல் எவ்வளவு மோசம்னு அவங்களுக்கே தெரிஞ்சுபோகும்."

ஒவ்வொரு தேதியாகச் சொன்னார். ஒரு காகிதத்தைப் பார்க்கவில்லை, யோசிக்கவும் இல்லை. வேகத்தைக் கூட்டியது தான்தான் என்று எழுதவும் சொன்னார். அவள் எழுதிக்கொண்டே வந்தாள். முதல் பத்தியை அழித்தாள். மனசுக்குப் பாரம் குறையும் என்று பார்த்துப் பார்த்து எழுதிய பத்தி அது. குற்றத்தை ஒத்துக்கொள்கிற இடத்தில்கூடத் தன்னைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முதலாளிக்கும் ஒரு படி சேர்த்து, கீழே தன் பெயரைப் போட்டு, நாலு பேருக்கும் அனுப்பினாள். அனுப்பிவிட்டு அத்தானைப் பார்த்தாள்.

நாளைக்கே முதலாளியிடம் நானே பேசுகிறேன், கம்பெனி தாக்குப்பிடித்தால் நீங்கள் வந்துதான் மெஷினைச் சரிக்குக் கொண்டுவர வேண்டும், என்னை அனுப்பிவிடட்டும் என்று படபடவென்று சொன்னாள். அத்தான் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"நான் வரல."

"தப்பு என்னோடதுன்னு எழுதியாச்சே அத்தான்."

"அது அளவுத் தப்பு. எவன் வேணும்னாலும் பண்ணுவான், நானும் பண்ணியிருக்கேன். அன்னைக்கு நான் மாத்தலன்னு சொன்னேன். நிஜமாவான்னு ஒரு வார்த்தை நீ கேட்கல."

"என் அளவை நம்பிட்டேன்."

"இல்ல" என்றார் அத்தான். குரல் உயரவில்லை. "என்னைப் பார்த்தா உனக்குக் குமட்டும். நீ நம்பினது அதைத்தான்."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வீட்டில் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். அக்கா தன் புருஷன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

போன் அடித்தது. மூச்சுக் கருவிக்குப் பேட்டரி செய்கிறவர். கடிதத்தைப் படித்துவிட்டு உடனே கூப்பிட்டிருக்கிறார். அவர் குரல் நடுங்கியது. போன வாரம்தான் அறுபது பெட்டி ஆஸ்பத்திரிகளுக்குப் போனது, நீங்கள் எழுதியிருப்பது நிஜமா, ஃபிலிம் சுருங்குமா என்று கேட்டார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அத்தானும் அக்காவும் உள்ளே போய்விட்டிருந்தார்கள்.

"சுருங்கும்ங்க. எல்லாத்தையும் திரும்ப வரவழைச்சிடுங்க" என்றாள்.

அளந்தது யார் என்று அவர் கேட்டார்.

"நான்தான்" என்றாள்.